வைரத் தோடு வேண்டாம் என்ற சிறுமி



சென்ற இதழில் கருவாட்டைப் புழு வைக்காமல், மண் ஒட்டாமல் காய வைப்பது எப்படி என்று எழுதியிருந்தேன். இந்த முறை சமையல் குறிப்பு கிடையாது. விஞ்ஞானம்! 'ஐயோ, நமக்கு எதுக்கு அதெல்லாம்?' என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். நம் வீட்டு அடுப்பும், உப்பும், காதில் போடும் தோடும் இதில் வருகின்றன. என் வீட்டில் நடந்த ஒரு சண்டையும் வருகிறது.

எங்கள் பழவேற்காட்டுக் குப்பத்தில் என் மாமியார் கருவாடு விற்கிறவர். எழுபதைத் தாண்டியும் கூடையைத் தலையில் தூக்குகிறார். மூத்த பேத்தி பிளஸ் டூ முடித்ததும் காதில் தங்கக் கம்மலும் ஜிமிக்கியும் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய பல நாள் ஆசை. அதற்காக மூன்று வருஷமாகச் சீட்டுக் கட்டி வந்தார். இந்தக் கோடையில் சீட்டுப் பணம் கைக்கு வந்தது.

அன்று ராத்திரி சாப்பிடும்போது என் மகள் மெல்ல ஆரம்பித்தாள்.

"ஆயா, எனக்குக் கம்மல் வேணாம். அந்தக் காசை எனக்குக் காலேஜுக்குக் கட்டு. நான் பிசிக்ஸ் படிக்கணும்."

மாமியார் கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே போட்டு விட்டார். "காதுல கவரிங்கைப் போட்டுக்கினு இன்னா பெரிய படிப்பு படிக்கப் போறே? நர்ஸுக்குப் படி, டீச்சருக்குப் படி, வாணாங்கல. அது இன்னாது பிசிக்ஸு? அதைப் படிச்சா யார் வேலை குடுக்கிறாங்க?"

என் வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. "நீயே பேசி முடிவு பண்ணு" என்று என்னிடம் தள்ளி விட்டு வலையைத் தூக்கிக் கொண்டு கிளம்பி விட்டார். நானோ பத்தாவதோடு நின்றவள். பௌதிகம் படித்த பெண் அதை வைத்துக் கொண்டு என்ன செய்வாள் என்று கேட்டால் எனக்கும் பதில் தெரியவில்லை.

என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்து கொண்ட மகளின் டீச்சர் ஒரு புத்தகம் கொடுத்தனுப்பினார். "இந்த அம்மாவைப் பற்றிப் படியுங்கள், பிறகு பேசுவோம்" என்றார். அந்த அம்மாளின் பெயர் அன்னா மணி.

எட்டாவது பிறந்த நாள்

அன்னா மணி 1918 ஆகஸ்ட் 23-ம் தேதி பீர்மேட்டில் பிறந்தவர். அப்போது அது திருவாங்கூர் சமஸ்தானம். அப்பா சிவில் எஞ்சினீயர், ஏலத் தோட்டமும் உண்டு. எட்டுப் பிள்ளைகளில் இவர் ஏழாவது. அந்த வீட்டு வழக்கப்படி ஆண் பிள்ளைகளை உத்தியோகத்துக்குப் படிக்க வைப்பார்கள், பெண்களைக் கல்யாணத்துக்குத் தயார் செய்வார்கள். பெண் குழந்தைக்கு எட்டாவது பிறந்த நாள் வந்தால் வைரத் தோடு பரிசு.

அன்னாவின் முறை வந்தது. குழந்தை என்ன சொன்னது தெரியுமா? 'எனக்கு வைரத் தோடு வேண்டாம். என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா புத்தகங்கள் வேண்டும்' என்றது. உலக விஷயங்கள் அத்தனையும் அடங்கிய, பல தொகுதிகள் கொண்ட கலைக்களஞ்சியம் அது. பெரியவர்கள் அதையே வாங்கிக் கொடுத்தார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆகி விட்டது. நூறு வருஷத்துக்கு முன்னால், மலைமேல் ஒரு வீட்டில், இதே பேச்சு நடந்திருக்கிறது!

அன்னா சென்னைக்கு வந்து பௌதிகமும் ரசாயனமும் எடுத்து 1939-ல் பி.எஸ்ஸி. ஆனர்ஸ் முடித்தார். மறு வருஷமே உபகாரச் சம்பளம் கிடைத்து, பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு ஆராய்ச்சி செய்யப் போனார். சேர்ந்த இடம் ஸர் சி.வி. ராமனின் ஆய்வுக் கூடம்.

அடுப்பில் தெரியும் விஞ்ஞானம்

அங்கே அவர் செய்தது நிறமாலை ஆராய்ச்சி. பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். நாம் தினமும் பார்க்கிற ஒன்றுதான்.

உலை பொங்கி, உப்புத் தண்ணீர் காஸ் அடுப்பில் வழிகிறது. நீலமாக எரிந்த தீ சட்டென்று பளீர் மஞ்சளாகிறதே, கவனித்திருக்கிறீர்களா? உப்பிலுள்ள சோடியம் சூடேறினால் அந்த மஞ்சளைத்தான் கொடுக்கும். முன்பு தெருவில் எரிந்த மஞ்சள் சோடியம் விளக்கும் இதே நிறம்தான். இப்படி ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கென்றே சில நிறங்கள் உண்டு, அவரவர் கைரேகை மாதிரி. ஒளியை முப்பட்டைக் கண்ணாடி வழியாக வானவில்லாகப் பிரித்து, எந்த நிறம் இருக்கிறது, எது இல்லை என்று பார்த்தால், அந்த ஒளி எந்தப் பொருளிலிருந்து வந்தது என்று சொல்லி விடலாம். அந்தப் பொருளைத் தொட வேண்டியதே இல்லை.

சூரியனில் என்ன இருக்கிறது என்று அங்கே போகாமலே கண்டுபிடித்தது இப்படித்தான். 1868 ஆகஸ்ட் 18-ம் தேதி முழு சூரிய கிரகணம். நமக்குப் பக்கத்து ஆந்திராவில் குண்டூரிலும் மசூலிப்பட்டினத்திலும் விஞ்ஞானிகள் கருவிகளோடு காத்திருந்தார்கள். சூரியனின் விளிம்பிலிருந்து வந்த ஒளியில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. அது நம் உப்பின் மஞ்சள் இல்லை, அதற்கு அடுத்தாற்போல் இருக்கும் வேறொன்று என்று பிறகு தெளிவாயிற்று. பூமியில் யாரும் அறியாத அந்தப் பொருளுக்கு 'ஹீலியம்' என்று பெயர் வைத்தார்கள். பூமியில் அது அகப்பட்டது 1895-ல்தான்!

நட்சத்திரங்களை ஆராய்கிறவர்களுக்கு இன்றும் இதுதான் வழி. திருப்பத்தூர் மாவட்டத்துக் காவலூரில் வைணு பாப்புவின் பெயர் வைத்த பெரிய தொலைநோக்கி இருக்கிறதே, அங்கேயும் நட்சத்திர ஒளியைப் பிரித்துத்தான் அவற்றின் சேதி அறிகிறார்கள். சில வால்நட்சத்திரங்களின் தலை பச்சையாக ஒளிர்வது ஏன்? இரண்டு கார்பன் அணுக்கள் சேர்ந்த ஒரு மூலக்கூறு செய்யும் வேலை அது.

ராமன் கண்டது இதே துறையில் ஒரு புதுமை. 1921-ல் கப்பலில் வரும்போது, கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று யோசித்தவர் அவர். கரையில் பிறந்து வளர்ந்த நாம் யாராவது யோசித்தோமா? ஒளி ஒரு பொருளின் மேல் பட்டுச் சிதறும்போது, அதில் கொஞ்சம் நிறம் மாறி வருகிறது, அந்த மாற்றத்தை வைத்து மூலக்கூறுகளை அடையாளம் காணலாம் என்று 1928 பிப்ரவரி 28-ல் கண்டுபிடித்தார். கூட உழைத்தவர் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். இதற்குத்தான் ராமனுக்கு 1930-ல் நோபல் பரிசு.

வைரம் மறுபடி வந்தது

அந்த ராமனின் ஆய்வுக் கூடத்தில் அன்னாவுக்குக் கிடைத்த வேலை என்ன என்று நினைக்கிறீர்கள்? வைரமும் மாணிக்கமும்! காதில் வேண்டாம் என்று சொன்ன வைரம் கையில் வந்து உட்கார்ந்தது.

முப்பதுக்கு மேற்பட்ட வைரங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பரிசோதித்தார். வைரத்தின் மேல் ஒளியைப் பாய்ச்சினால் அது தானும் மிக மங்கலாக ஒளி விடும். அந்த மங்கல் ஒளி போட்டோத் தகட்டில் பதிய வேண்டுமென்றால் 15 மணி, 20 மணி நேரம் ஆகும். எத்தனையோ இரவுகள் ஆய்வுக் கூடத்திலேயே கண் விழித்துக் கிடந்தார். கைக்குழந்தைக்காரிகளுக்குத்தான் தெரியும், ராத்திரி முழுக்க விழித்திருப்பது என்றால் என்னவென்று. பெண் ஒருத்தி கருவியைக் கையாளுவதில் சின்னத் தவறு செய்தாலும் 'பெண்களுக்கு இது வராது' என்று சொல்லி விடும் காலம் அது. 1942-லிருந்து 1945-க்குள் தாமே தனியாக ஐந்து ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதினார்.

1945 ஆகஸ்டில் டாக்டர் பட்டத்துக்காகத் தம் ஆராய்ச்சி நூலைச் சமர்ப்பித்தார். அந்த நாளில் பெங்களூர் கழகத்தில் செய்யும் ஆராய்ச்சிக்குப் பட்டம் கொடுத்தது சென்னைப் பல்கலைக்கழகம். பல்கலைக்கழகம் என்ன சொல்லிற்று? 'உங்களிடம் எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை, ஆகவே டாக்டர் பட்டம் தர முடியாது.' ஆனர்ஸ் படித்து, உபகாரச் சம்பளத்தோடு வந்து, ஐந்து வருஷம் உழைத்தவருக்கு இந்தப் பதில்!

தட்டச்சு செய்து பைண்டு பண்ணிய அந்த நூல், பட்டம் பெற்ற மற்றவர்களின் நூல்களோடு நூலக அலமாரியில் வைக்கப்பட்டது. அவர் கடைசி வரை டாக்டர் அன்னா மணி ஆகவில்லை.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்து விட்டு நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வேறு யாராவது என்றால் பெட்டியைக் கட்டிக் கொண்டு ஊருக்குப் போயிருப்பார்கள். இவர் போகவில்லை.

நம் வீட்டுக்காரர்களுக்காக உழைத்த கை

1945-லேயே சர்க்கார் உபகாரச் சம்பளத்தில் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குப் போனார். மேலும் பௌதிகம் படிக்கத்தான் ஆசை. ஆனால் கிடைத்த உபகாரச் சம்பளமோ வானிலைக் கருவிகளைப் பற்றிப் படிக்க. சரி, அதையே படிப்போம் என்று படித்தார். 1948-ல் சுதந்திர இந்தியாவுக்குத் திரும்பி, புனாவில் வானிலை இலாகாவில் சேர்ந்தார்.

அப்போது மழைமானி போன்ற சாதாரணக் கருவிகூட வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். காற்றின் வேகம், காற்றழுத்தம், ஈரப்பதம், வெயில் என்று அளப்பதற்கான சுமார் 100 கருவிகளுக்கு முறையான வரைபடங்கள் தயார் செய்து, அவற்றை இங்கேயே செய்ய வைத்தார் அன்னா மணி. ஒரு கருவி சரியான அளவு காட்டுகிறதா என்பதில் அவர் விட்டுக் கொடுக்கவே மாட்டார். தப்பான அளவு தருகிற கருவி இருப்பதைவிட இல்லாமலிருப்பதே மேல் அல்லவா?

இது நமக்கு எவ்வளவு முக்கியம் என்று மீனவர் வீட்டுப் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாடைக் காற்றா, கொண்டலா, கச்சானா என்று எங்கள் குப்பத்துப் பெரியவர்கள் முகத்தில் படும் காற்றை வைத்தே சொல்லி விடுவார்கள். ஆனால் நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் கடலில் உருவாகும் புயலை முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா? அங்கங்கே வைத்த கருவிகள் காற்றழுத்தம் குறைகிறது, காற்று திரும்புகிறது என்று சொன்னால்தான் 'கடலுக்குப் போக வேண்டாம்' என்ற எச்சரிக்கை நம் கரைக்கு வரும். 1984 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டா பக்கம் கரை ஏறிய புயலைப் பற்றி என் மாமியார் இன்றும் சொல்வார். சொல்லும்போதே கை நடுங்கும்.

அன்னா மணி அதோடு நிற்கவில்லை. நாட்டின் பல இடங்களில் வெயிலை அளக்கும் நிலையங்களை 1957-58-ல் ஏற்படுத்தினார். வானத்தில் மிக உயரத்திலுள்ள ஓசோனை, பலூனில் கருவி கட்டி அனுப்பி அளக்க வழி செய்தார். சூரியனிலிருந்து வரும் கெடுதலான புற ஊதாக் கதிர்களை வடிகட்டுவது இந்த ஓசோன்தான். 1976-ல் வானிலை இலாகாவின் துணை டைரக்டர் ஜெனரலாக ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற பின் எழுதியவை, இந்தியாவில் எங்கெங்கே எவ்வளவு வெயில் அடிக்கிறது என்று கணக்குச் சொல்லும் இரண்டு பெரிய நூல்கள், 1980-லும் 1981-லும். காற்றின் பலம் பற்றிய நூல் 1992-ல். இன்று மொட்டை மாடியில் சூரிய மின் தகடு வைக்கிறோம், காற்றாலை சுற்றுகிறது என்றால், அந்தக் கணக்குக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் இவர் ஒருவர். 2001 ஆகஸ்ட் 16-ம் தேதி திருவனந்தபுரத்தில் காலமானார். கல்யாணம் செய்து கொள்ளவில்லை. அதற்காக நம் பெண்களும் அப்படி இருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அது அவரவர் விருப்பம்.

ஏரிக்கு அக்கரையில்

இன்னொன்று சொல்ல வேண்டும். கேரளத்தில் தும்பா என்று ஒரு மீனவர் கிராமம். அங்கிருந்துதான் 1963 நவம்பர் 21-ல் நம் நாட்டில் முதல் ராக்கெட் கிளம்பியது. அந்தத் தும்பாவில் வானிலை நிலையம் அமைத்துக் கொடுத்ததும் அன்னா மணிதான்.

எங்கள் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிறது ஸ்ரீஹரிகோட்டா தீவு. ராக்கெட் விடும் நாளில் அந்தப் பக்கம் கடலுக்குப் போகக் கூடாது என்று சொல்லி விடுவார்கள். எங்களுக்கு அது ஒரு நாள் வருமானம் போகிற விஷயம். ஆகையால் ராக்கெட் என்றாலே என் மாமியாருக்கு ஆகாது.

2023 செப்டம்பர் 2-ம் தேதி, சனிக்கிழமை. பள்ளிக்கூடம் லீவு. பகல் 11.50-க்கு ஆதித்யா எல்-1 புறப்பட்டதைக் கரையில் நின்று பார்த்தோம். அப்போது என் மகள் பத்தாவது. சூரியனை ஆராயப் போகிறது, 15 லட்சம் கிலோமீட்டர் தூரம் போய் நிற்கும் என்று அவள்தான் விளக்கினாள். அதில் சூரியனைச் சுற்றியுள்ள ஒளிவட்டத்தின் ஒளியைப் பிரித்துப் பார்க்கும் கருவி ஒன்றும் போயிற்று. 1868-ல் குண்டூரில் செய்த அதே வேலைதான். 2024 ஜனவரி 6-ல் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்து விட்டது. அந்தத் திட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் நிகர் ஷாஜி என்ற பெண்மணி. நம்ம தென்காசி மாவட்டம் செங்கோட்டையில் பிறந்து, திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்தவர்.

வீட்டில் கடைசியில் என்ன ஆயிற்று?

இதையெல்லாம் மாமியாரிடம் கருவாடு புரட்டிக் கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். காற்றுக் கருவி பற்றிச் சொன்னபோது மட்டும் கையை நிறுத்தி விட்டுக் கேட்டார். எல்லாம் முடிந்ததும் சொன்னார்:

"அவங்க வூட்ல வைரம் இருந்துச்சு, வாணாம்னாங்க. நம்ம கிட்ட இருக்கிறதே இதுதான்மே."

நியாயம்தானே? வைரத்தை மறுப்பவருக்கும் ஒற்றைக் கம்மலை மறுப்பவளுக்கும் வித்தியாசம் உண்டு. எனக்கு உடனே பதில் வரவில்லை. கொஞ்சம் பொறுத்து என் கதையைச் சொன்னேன்.

"அத்தை, நான் பத்தாவது முடிச்சப்போ எங்க அப்பா கம்மல் வாங்கிப் போட்டார். மேலே படிக்கிறியான்னு யாரும் கேக்கலை. அந்தக் கம்மலும் இப்ப எங்கே? வலை வாங்க அடகு வெச்சோம், மூழ்கிப் போச்சு. கம்மலும் இல்லே, படிப்பும் இல்லே. இவளாவது வாயைத் திறந்து கேக்கிறாளே."

அவர் பதில் பேசவில்லை. ராத்திரி பணப்பையை எடுத்து என் மடியில் வைத்தார். "இந்த வருஷத்துக்குக் கட்டு. மீதியை மறுபடி சீட்டுல போடு. கம்மல் போடாம வுட மாட்டேன், பாத்துக்கோ. பொன்னேரி பஸ்ஸுல இருட்றதுக்குள்ள வந்துடணும்" என்றார். பொன்னேரி எங்களுக்குச் சுமார் 20 கிலோமீட்டர். கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாயிற்று.

மூன்று வருஷம் கழித்து என்ன வேலை கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது. மாமியாரும் முழு மனசோடு ஒப்பவில்லை என்பதும் தெரியும். ஒன்று மட்டும் மனசில் பதிந்து விட்டது. அன்னா மணிக்குப் பட்டம் கொடுக்காமல் விட முடிந்தது. கற்றதை யாராலும் பிடுங்க முடியவில்லை. வைரத்தின் மங்கல் ஒளியை அளக்கப் பழகிய அதே கைதான் பிறகு வெயிலையும் காற்றையும் அளந்தது.

தாய்மார்களுக்குச் சில வார்த்தைகள்:

• பெண் குழந்தை தானாக ஒன்றைக் கேட்டால், 'அது எதுக்கு' என்று சொல்வதற்கு முன் ஒரு வாரமாவது பொறுத்திருந்து விசாரியுங்கள். நமக்குத் தெரியாத படிப்பு என்பதாலேயே அது உதவாத படிப்பு ஆகி விடாது. பள்ளி ஆசிரியையைக் கேட்டால் வழி சொல்வார்.

• சின்னக் குழந்தைகளுக்கு விஞ்ஞானம் காட்ட விலை உயர்ந்த சாமான் வேண்டாம். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து ஜன்னல் வெயிலில் காட்டுங்கள், கீழே வெள்ளைக் காகிதத்தில் வானவில் விழும். பழைய சி.டி. தட்டில் விளக்கு வெளிச்சத்தைப் பிடித்தால் நிறங்கள் பிரியும். சூரியனை மட்டும் நேராகப் பார்க்க விடாதீர்கள், அதன் வெளிச்சத்தை எதிலும் பட்டுக் கண்ணில் அடிக்க விடாதீர்கள்.

• உப்பு பட்டுத் தீ மஞ்சளாவதைக் குழந்தைக்குக் காட்டுவதென்றால் அடுப்புப் பக்கம் நீங்கள் நின்று கொண்டு காட்டுங்கள்.

• ஓசோன் வடிகட்டியும் மிச்சக் கதிர்கள் நம் மேல் விழத்தான் செய்கின்றன. பகல் 11 மணியிலிருந்து 3 மணி வரை வெயில் உக்கிரம். கருவாடு, வடகம், வற்றல் புரட்டும் வேலையைக் காலையிலும் மாலையிலும் வைத்துக் கொள்ளுங்கள். முந்தானையோ துண்டோ நெற்றி வரை இழுத்துப் போடுங்கள். வருஷக்கணக்காகக் கண்ணில் படும் கடும் வெயில் கண்புரைக்கும் ஒரு காரணம்.

உங்கள் வீட்டிலும் இப்படிக் கம்மலா படிப்பா என்ற பேச்சு நடந்திருக்கும். என்ன முடிவு செய்தீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த இதழில், மழைக் காலத்தில் குழந்தைகளுக்கு வரும் சளிக்குக் கை வைத்தியம் எதுவரை செய்யலாம், எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும் என்று பார்ப்போம்.